காலி வீதிப் பக்க ஜன்னல்

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. முன் ஜன்னல் காலி வீதியைப் பார்க்கும், பின் ஜன்னல் கடலை. கடல் என்றால் முழுக் கடல் இல்லை. மரைன் டிரைவ் ஓரத்து உயரமான இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சேலை அகலத்துக்கு நீலம் தெரியும். வீடு வாங்கும்போது தரகர் அதைத்தான் "சீ வியூ" என்று சொல்லி விலையைக் கூட்டினார்.

சனிக்கிழமைகளில் அம்மா இரண்டு ஜன்னல் கட்டையையும் துடைப்பார். பழைய பருத்திச் சேலையைக் கிழித்த துணி. பின் ஜன்னலைத் துடைத்தால் துணியில் கொஞ்சம் உப்புப் பிசுபிசுப்பு, கம்பியிலிருந்து இறங்கிய துருச் சிவப்பு, அவ்வளவுதான். முன் ஜன்னலுக்குப் போனால் அதே துணி கறுத்துப்போகும். அது மண் கறுப்பு இல்லை. விரலுக்கிடையில் தேய்த்தால் வழுக்கும். வெறும் தண்ணீருக்கு அசையாது. சவர்க்காரம் போட்டுக் கசக்கினாலும் ஒரு சாம்பல் வளையம் துணியில் நின்றுவிடும்.

"உது விளக்குக் கரி பிள்ளை" என்பார் அம்மா. அவருக்குத் தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தல் விளக்கில்தான் எங்களைப் படிப்பித்தார். அந்த நாளில் அங்கே மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் ஓரிரு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை நிற்கும், கண் எரியும். அந்தப் புகைக்குள் வளர்ந்த எனக்குக் கொழும்பு வந்த புதிதில் காலி வீதி மணம் நாகரிகத்தின் மணமாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தகனம் பற்றிச் சொல்லும்போது மெழுகுதிரிச் சுவாலையில் வெள்ளைக் கோப்பையைப் பிடித்துக் காட்டுவேன். அடியில் கறுப்பாகப் படியும். "ஒட்சிசன் போதாமல் எரிந்தால் காபன் முழுதும் எரியாமல் மிஞ்சும்" என்று பலகையில் எழுதுவேன். எங்கள் ஜன்னல் கட்டையும் அந்தக் கோப்பைதான். டீசல் இயந்திரத்துக்குள் எரிபொருள் துளியாகப் பீச்சப்படுகிறது. துளியின் நடுவுக்குக் காற்று போய்ச் சேருவதற்கு முன்னரே அது வெந்து கரியாகிவிடுகிறது. ஏற்றத்தில் பஸ் சாரதி காலை அழுத்தும்போது பின்னால் கறுப்பாகப் பொங்குவது அதுதான். டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரை நேரத்துக்குச் சுத்தம் செய்யாதது, அடைத்த எயார் ஃபில்டர், அளவுக்கு மேல் திறந்து வைத்த டீசல் பம்ப் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் துணியில் வருவது மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடுகிற பருத்த தூள். பயப்படவேண்டியது துணியில் வராததற்கு. 2.5 மைக்குரோ மீற்றருக்கும் சிறிய துணிக்கைகள், இருபத்தெட்டை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமயிர் தடிப்பு. அவை பெரும்பாலும் கட்டையில் படியாமல் காற்றிலேயே மிதக்கும். நுரையீரலின் அடிப்பைகள் வரை போகும், அவற்றில் ஆகச் சிறியவை இரத்தத்துக்குள்ளும் இறங்கும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே முதற் பிரிவில் போட்டுவிட்டது. புகையிலையும் அஸ்பெஸ்டசும் இருக்கிற பிரிவு.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. மார்கழி பிறந்தால் தொய்வு தொடங்கும். இரவில் இரண்டு மணிக்கு எழுந்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், மூச்சு விசில் மாதிரி இழுக்கும். நெபியூலைசரின் இரைச்சலுக்கு எங்கள் மூன்று பேருக்கும் நித்திரை முறியும். பரிசோதித்த டொக்டர் முதல் கேட்டது பூனை வளர்க்கிறீர்களா என்று. இரண்டாவது, "வீடு மெயின் ரோட்டிலயா?"

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "டெல்லியே இது? எங்களுக்குக் கடல் காத்து இருக்குத்தானே." பக்கத்து வீட்டு அக்கா, பாடசாலை ஆசிரியர் அறை, திருமண வீட்டுப் பந்தி, எங்கும் இதே கடல் காற்று. கொழும்பு தன் புகைக்குப் போட்டு வைத்திருக்கிற கணக்கே இந்த ஒரு வரிதான். பத்து வருடமாக நானும் அதை நம்பினேன். அதில் பாதி உண்மை இருப்பதுதான் பிரச்சினை.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேராக வரும். அதற்குள் உப்பும் ஈரமும் தவிர ஒன்றுமில்லை. காலி வீதிப் புகையை அள்ளிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போய்விடும், அந்தப் பக்கத்தில் இருக்கிற சனத்துக்கு அது என்ன ஆகிறது என்பதை நாங்கள் யோசிப்பதில்லை. நவம்பரில் காற்று திரும்புகிறது. வடகிழக்கிலிருந்து வருவது வங்காள விரிகுடாவுக்கு மேலாக இந்தியச் சமவெளியின் புகையையும் சேர்த்துக் கொண்டுவரும். இரவில் காற்று அடங்கி, நிலத்துக்குக் கிட்டவே குளிர் காற்று மூடி போட்டதுபோல் கிடக்கும். காலை ஆறரைக்குப் பாடசாலை வான்கள் புறப்படும்போது அந்த மூடிக்குக் கீழேதான் புகையை விடுகின்றன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த புழுதிப் புகார் நினைவிருக்கும். கொழும்பும் யாழ்ப்பாணமும் சேர்ந்து மங்கின, டிசம்பர் 9ஆம் தேதி நாடு முழுக்க அரச பாடசாலைகளை மூடினார்கள். அன்றைக்கு எங்கள் பின் ஜன்னலில் அந்தச் சேலை அகல நீலமும் இல்லை.

அந்த வாரம் எல்லாரும் இந்தியாவைத்தான் திட்டினார்கள். வெளிப்புகை உண்மைதான். ஆனால் அது வந்து சேர்ந்த பாத்திரம் காலியாக இருக்கவில்லையே.

அளவுகோலும் இதில் விளையாடுகிறது. இலங்கையில் 2008இல் வர்த்தமானியில் போட்ட தரப்படி அந்த நுண்துணிக்கை ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீற்றருக்கு 25 மைக்குரோ கிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் அப்போது 10 என்று வைத்திருந்தது, 2021இல் அதை 5 ஆக்கிவிட்டது. எங்களுடையது 25இலேயே நிற்கிறது என்றால், உலகம் பெயில் என்று சொல்கிற பிள்ளைக்கு நாங்கள் சாதாரண சித்தி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கொள்ளுப்பிட்டியில் அமெரிக்கத் தூதரகத்தின் மானி ஒன்று இருந்தது. நான் காலையில் பால் வைக்கும்போதே அந்த எண்ணைப் பார்த்து மகளுக்கு மாஸ்க்கா இல்லையா என்று முடிவெடுப்பேன். 2025 மார்ச்சில் உலகம் முழுக்கத் தூதரகங்களின் காற்றுத் தரவுகளைப் பகிர்வதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இப்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவலைத்தான் பார்க்கிறேன்.

எங்களுக்கு ஒரு ஓட்டோ நாநா இருக்கிறார். மகளை நான்கு வருடமாகப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறவர். இருபத்தைந்து வருடமாகக் கொழும்பில் ஓட்டுகிறார். முதல் வண்டி டூ ஸ்ட்ரோக். பெற்றோலோடு டூ ரி ஒயில் கலந்து ஊற்ற வேண்டும், அந்த ஒயிலும் சேர்ந்து அரையும் குறையுமாக எரிந்து நீலப் புகையாக வரும். "பின்னால வாறவன் எண்ட புகையைத் தின்டான், நான் முன்னால போறவன்ட புகையைத் தின்டேன்" என்று சிரிப்பார். 2008இல் டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்கு முன், 2002இல், பெற்றோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். இந்த இரண்டையும் நாங்கள் கொண்டாடியதே இல்லை. தங்கள் இரத்தத்தில் ஈயம் குறைந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்றும் தெரியாமல் கொழும்புப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

போன வருடம் ஒரு விடுமுறை நாளில் நாநாவோடு புகைப் பரிசோதனைக்குப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். இந்தப் பரிசோதனையும் 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கியதுதான். இதில் சித்தியடைந்தால்தான் வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பழைய டீசல் வான். பொடியன் ஒருவன் சைலன்சருக்குள் குழாயைச் செருகினான், சாரதியிடம் கையைத் தூக்கிக் காட்டினான், சாரதி ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினார். வான் அலறியது. புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று கருவி பார்க்கிறது. மூன்று நான்கு தடவை அப்படி. கொஞ்சம் கறுத்தது, ஆனால் சித்தி. நாநா என் காதுக்குள் சொன்னார்: "நேத்து ராத்திரி கராஜில பம்பைக் குறைச்சிருப்பான் டீச்சர். இப்ப போய்த் திருப்பிக் கூட்டிருவான். குறைச்சா வான் இழுக்காது." இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வருடத்தில் ஒரு நாள் ஒழுங்காக இருந்தால் போதும் என்று கேட்கிற பரிசோதனைக்கு வருடத்தில் ஒரு நாள் ஒழுங்காக இருக்கிறோம்.

பிறகு நாநாவின் முறை. பெற்றோல் வண்டி என்பதால் அலற விடவில்லை. சும்மா ஓட விட்டுப் பார்த்தார்கள். தாளில் இரண்டு எண் வந்தது: காபனோரொட்சைட்டு எத்தனை வீதம், எரியாத ஐதரோகாபன் எவ்வளவு. இரண்டும் குறைவு, சித்தி. நாநா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு வகுப்பறைப் புத்தி விடவில்லை. "நாநா, இது நல்லா எரியுது எண்டு மட்டும்தான் சொல்லுது" என்றேன்.

வீடு வரும் வழியில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இயந்திரம் எவ்வளவு சுத்தமாக எரிக்கிறதோ, அவ்வளவு காபனும் காபனீரொட்சைட்டாக மாறுகிறது. அரைகுறையாக எரிந்தால் கரியும் நச்சு வாயுவுமாக வந்து என் மகளின் நெஞ்சில் இறங்கும். முழுதாக எரிந்தால் மணமில்லாத, நிறமில்லாத வாயுவாக வந்து வானத்தில் ஏறும். பரிசோதனை முதலாவதைத்தான் பிடிக்கிறது. இரண்டாவதற்கு அந்தத் தாளில் எல்லை கிடையாது. ஒரு சைலன்சர் குழாய்க்கு இரண்டு கணக்குக் கொப்பி, ஒன்று நுரையீரலுக்கு, மற்றது பூமியின் சூட்டுக்கு. ஒன்றில் வரவாக இருப்பது மற்றதில் செலவாகவும் இருக்கும். டீசலில் உள்ள கந்தகத்தைப் பாருங்கள். அதிலிருந்து பிறக்கிற துணிக்கை நெஞ்சுக்குக் கேடு, ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைச் சற்றுக் குளிரவும் வைக்கிறது. கரித்தூளோ இரண்டு கொப்பியிலும் கடன்காரன்: நெஞ்சையும் அடைக்கும், கறுப்புச் சட்டை மாதிரி வெயிலையும் உறிஞ்சும். அதிலுள்ள ஒரே நல்ல செய்தி, கரியை இன்றைக்கு நிறுத்தினால் சில நாள், மிஞ்சினால் சில வாரத்தில் காற்றிலிருந்து கழுவுப்பட்டுவிடும். காபனீரொட்சைட்டு அப்படியில்லை. இன்றைக்கு விட்டதில் ஒரு பங்கு நூற்றாண்டுகளுக்கு அங்கேயே கிடக்கும். கடல் காற்று அதை எங்கே கொண்டுபோகும்? போவதற்கு வேறு வானம் இல்லை.

அடுத்த நாள் காலையில் நாநாவுக்குக் கணக்குச் சொன்னேன். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும், டீசலுக்கு 2.7 கிலோ வரை. முக்கால் கிலோ பெற்றோலிலிருந்து எப்படி இரண்டே கால் கிலோ வரும் என்று அவர் கேட்டது நியாயம், என் மாணவர்களும் அங்கேதான் தடக்குவார்கள். மிச்சப் பாரம் காற்றிலிருந்து பிடித்த ஒட்சிசன். நாநா ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் அடிக்கிறார். ஒன்பது கிலோவுக்கு மேல். சிவப்பு லைட்டில் நின்றபடி விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப ஒன்டரை மாசத்தில எண்ட ஓட்டோவை விடப் பாரமா ஈக்கும்."

சரிதான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டோ ஒன்றை ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை வானத்தில் விட்டுக்கொண்டிருக்கிறார். இலங்கையில் பதிவான ஓட்டோக்கள் பதினொரு லட்சத்துக்கும் மேல். எல்லாம் இப்போது ஓடுவதில்லை என்றாலும் பெருக்கிப் பார்க்க மனம் வரவில்லை.

ஆனால் நாநாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. சராசரி இலங்கையர் ஒருவரின் பங்குக்கு வருடம் ஒரு தொன் அளவு காபனீரொட்சைட்டுத்தான் விழுகிறது, உலகச் சராசரியோ நான்கு தொன்னுக்கும் மேல். எங்களுக்குள்ளேயே பங்கு பிரித்தால், எங்கள் வீதியில் எல்லாரும் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு ஏசுகிற 100ஆம் இலக்க பஸ் கதையைத் தலைகீழாக்கும். அந்த பஸ் ஒரு லீற்றர் டீசலில் மூன்று நான்கு கிலோமீற்றர்தான் ஓடும். ஆனால் மிதிபலகை வரை அறுபது பேர் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு ஆள் ஏசி போட்டுக்கொண்டு தனியாகப் போகிற மினுங்கும் ஜீப்பில் கரியே இல்லை. தலைக்குக் கணக்குப் பார்த்தால் வானத்துக்கு அதிகம் கொடுப்பது ஜீப். நெஞ்சுக்குக் கெடுதி செய்கிற அதே பஸ்தான் பூமிக்கு ஆகக் குறைந்த கெடுதி செய்கிறது. பஸ்ஸை ஒழுங்காகச் சேர்விஸ் செய்ய வைப்பதும் நல்ல டீசல் அடிக்க வைப்பதும் ஒரு வேலை, பஸ்ஸே வேண்டாமென்று எல்லாரும் கார் வாங்குவது வேறு வேலை. நாங்கள் இரண்டாவதைச் செய்துகொண்டு முதலாவதைப் பற்றி முறைப்பாடு சொல்கிறோம். (எங்களிடமும் ஒரு சின்னக் கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பது என்று சொல்லிக்கொள்வேன்.)

2022 பொருளாதார நெருக்கடி நினைவிருக்கும். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பெற்றோல் ஷெட்டில் மூன்று நாள் வரிசை, ஓட்டோவுக்குள்ளேயே நித்திரை. பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், நாநாவின் ஒன்றேகால் நாள் தேவை. காலி வீதியில் சைக்கிள்கள் மட்டும் போன அந்த நாட்களில் முன் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தோம். காகச் சத்தம், கோயில் மணி, ரயிலின் கூவல். அம்மாவின் துணியும் வெளுத்தே வந்தது. "பாத்தியா, வாகனம் இல்லாட்டி எவ்வளவு சுத்தம்" என்று அப்போது பலர் எழுதினார்கள். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஜூலை தென்மேற்குக் காற்றின் காலம், எப்படியும் காற்று சுத்தமாகத்தான் இருக்கும். அதோடு காஸ் இல்லாமல் மாடி வீடுகளிலேயே விறகு எரித்தோம், எங்கள் பல்கனி உட்பட. வறுமையில் வந்த சுத்தத்தைச் சுத்தம் என்று எண்ணுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். இப்போது எங்கள் மாடியின் கீழ்த் தளத்தில் சத்தமில்லாத மின்சாரக் கார்கள் மூன்று நிற்கின்றன. அவற்றுக்குச் சைலன்சரே இல்லை, எங்கள் ஜன்னலுக்கு அது லாபம்தான். இரவில் சார்ஜ் போட்டால் நுரைச்சோலை அனல் நிலையத்தின் நிலக்கரியும் அதில் கொஞ்சம் எரியும், டயர் தேய்கிற தூள் அப்படியே இருக்கும், அப்படியிருந்தும் பெற்றோல் காரை விடத் திறம். என் குறை வேறு. மின்சாரக் காரும் கார்தான், அது நிற்கிற இடமும் சந்தியில் அடைக்கிற இடமும் அதே அளவு. வெள்ளவத்தைச் சந்தியில் அதன் பின்னால் மாட்டிக்கொள்கிற பஸ் நின்ற இடத்திலேயே டீசலை எரித்துக்கொண்டிருக்கும்.

அப்பப்பா கோட்டையில் கிளாக்கராக இருந்தவர். கிராண்ட்பாஸில் அறை எடுத்துத் தங்கி டிராமில் கந்தோருக்குப் போவாராம். கொழும்பில் 1899 தொடக்கம் 1960 வரை மின்சார டிராம் ஓடியது, பிறகு 1964 வரை கம்பியில் ஓடுகிற டிரொலி பஸ்ஸும் இருந்தது. இரண்டையும் பிடுங்கிப்போட்டு அந்த இடத்துக்கு டீசலைக் கொண்டுவந்தோம். அறுபது வருடம் கழித்து ஜப்பான் கடனில் மாலபே தொடக்கம் கோட்டை வரை இலகு ரயில் போடப் பார்த்தோம், 2020 செப்டெம்பரில் அதையும் நிறுத்தினோம். 2050இல் காபன் சமநிலை அடைவோம் என்று நாடு உறுதி கொடுத்திருக்கிறது. எதில் ஏறிப் போவதாக உத்தேசம் என்று தெரியவில்லை.

இந்த இலகு ரயில் கதையை ஒரு நாள் நாநாவிடம் சொன்னேன். பாடசாலை வாசலில் நின்றோம். ஒன்றரை மணி. வான்கள் இயந்திரத்தை நிறுத்தாமல் ஏசியோடு வரிசையாக நிற்கின்றன. வாசலால் வருகிற முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் மூக்கும் அந்தச் சைலன்சர் குழாய்களும் அநேகமாக ஒரே உயரம். நாநா தன்னுடையதை நிறுத்தி வைத்திருந்தார், பெற்றோல் மிச்சம் பிடிக்க.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார், "அந்த ரயில் வந்தா அப்ப எங்கட பொழப்பு?"

நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். காபன், நுண்துணிக்கை, இரண்டு கொப்பி, ஒன்றும் அந்த இடத்தில் உதவவில்லை. மகள் வந்து பையை உள்ளே எறிந்து ஏறினாள்.

நாநா கண்ணாடியைத் திருத்திக்கொண்டார். "பரவால்ல டீச்சர். ரயில் வீட்டு வாசல்ல நிக்காதுதானே. ஸ்டேஷன்ல இருந்து ஆளுக்கு ஹயர் வேணும்." வண்டியைக் கிளப்பினார். முன்னால் நின்ற வான் அந்த நேரம் பார்த்து எடுத்தது. மகள் வழக்கம்போல் சட்டைக் கொலரை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.